சொல்லாமல் விட்ட ஜோக்

டீம் லீட் எழுந்து நின்றதும் அறை அடங்கியது.

இது அவளுக்குப் புதிது. வழக்கமாக அவள் எழுந்தால் ஏசியைக் குறைக்கப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

வேலையில் புலி. பேச்சு மட்டும் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று பெற்ற அம்மாவே கேட்டிருக்கிறாள். அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை.

ஜன்னலோர நாற்காலியில் டைரக்டர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். இந்த டீமை அவளிடமே விடுவதா, இல்லை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிடுவதா என்பது இன்று தெரிந்துவிடும். பாதிப் பேரை வாங்கிக்கொள்ள மேல்மாடி டீம் லீட் தயாராக இருந்தார். அவருக்கு வேலை அரைகுறைதான், ஆனால் பேசினால் கல்லும் கரையும்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத் தெரிந்தால் போதாது, ஆட்கள் முன்னால் நிற்கவும் தெரிய வேண்டும் என்பது டைரக்டரின் கட்சி. அதற்காக அவளைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கே அனுப்பினார். அங்கேயும் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆனால் ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள்.

நிமிர்ந்து நில்லுங்கள். ஒருவருடைய கண்ணைப் பாருங்கள். முக்கியமானதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் நிறுத்துங்கள். நடுவில் ஒருமுறையாவது சிரிக்க வையுங்கள்.

நிமிர்ந்தாள். பேசினாள்.

போன முறை சிஸ்டம் மொத்தமும் விழுந்தபோது இந்த டீம் அதை எப்படி எழுப்பியது என்று சொன்னாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். ஒரு இருமல்கூட இல்லை.

போனைக் கீழே வைத்தே அறியாத டேட்டாபேஸ்காரர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளையே பார்த்தார். குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற டெஸ்டர் தலையாட்டினாள்.

ஓரிடத்தில் அடுத்த வார்த்தை வரவில்லை.

“அன்னிக்கு ராத்திரி நீங்க கூப்பிட்டப்போ ஏன்னு ஒருத்தர்கூட கேட்கலை, அதைத்தானே சொல்ல வர்றீங்க?” என்றாள் டெஸ்டர்.

அதேதான். பிடித்துக்கொண்டு மேலே போனாள்.

சந்தோஷமாக இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று தோன்றியது. பயிற்சிக்குப் பலன் இருக்கத்தான் செய்கிறது.

ஜோக் வர வேண்டிய இடம் வந்தது. ‘நான் வாயைத் திறந்தா சர்வர் படுத்துடுச்சுன்னு அர்த்தம்’ என்பதுதான் ஜோக். அதைச் சொல்வதற்கு முன்னால் நிறுத்தினாள். டைரக்டரின் முகத்தைப் பார்த்தாள். இறுகிக் கிடந்தது. தைரியம் போய்விட்டது. வேண்டாம் என்று ஜோக்கை விழுங்கிவிட்டாள்.

அறை சிரித்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது.

டீமில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள். அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். இந்த அறையின் கம்ப்யூட்டரில் ஒரு ஆன்லைன் மீட்டிங் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். வீட்டிலிருப்பவர்கள், பஸ்ஸில் வருபவர்கள், எல்லாரும் அதைக் காதில் மாட்டிக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் சும்மா வாய்விட்டுக் கேட்டால் போதும், யாராவது பதில் சொல்வார்கள். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அவள்தான். எழுந்துபோய் ஒருவரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவளுக்கு அது வசதி.

இன்று காலை யாரும் வருவதற்கு முன் இங்கே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் முழுப் பேச்சையும் ஒத்திகை பார்த்தாள். திரை அணைந்திருந்தது. மைக் அணையவில்லை.

ஒருத்தரும் குரல் கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஒத்திகை பேச்சோடு நிற்கவில்லை என்பதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. பேசி முடித்த பிறகு, ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்து, அதில் உட்காருகிறவரிடம் நேருக்கு நேர் ஒருநாளும் சொல்ல முடியாததை எல்லாம் சொல்லியிருந்தாள். டெஸ்டர் திட்டும்போதுதான் தனக்குத் தெம்பு வருகிறது என்று சொன்னாள். டேட்டாபேஸ்காரர் லீவு போட்டால் கை ஒடிந்தது போலிருக்கிறது என்றும் சொன்னாள்.

காது சுட்டது. நின்ற இடத்திலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது.

யாரும் பார்வையைத் திருப்பவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் இன்று நேரிலேயே வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

சிரிப்பு ஓய்ந்தது. ஒருவர் மட்டும் இன்னும் அடக்க முடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தார். டைரக்டர்.

இந்த டீம் எப்படி வேலை பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள அவரும் காலையிலேயே அந்த மீட்டிங்கில் சேர்ந்திருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். “டீம் உங்ககிட்டதான்னு அப்பவே மேலே சொல்லியாச்சு. நீங்க மிச்சத்தைச் சொல்லுங்க, கேட்போம்.”

அவளுக்கு மிச்சம் மறந்துபோய்விட்டது.

ஜன்னலோர நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையில் கடைசியாக அதனிடம்தான் பேசினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாதி அழுகையில்.

“என்னை வேணும்னா தூக்கிடுங்க சார். இவங்களைப் பிரிச்சிடாதீங்க.”