கார்டை யார் பிடித்திருக்கிறார்?

‘கார்டு உபயோகத்தில் இருக்கிறது’ என்றது திரை. யாருடைய உபயோகத்தில் என்று மட்டும் சொல்லவில்லை.

வீட்டு சர்வருக்குள்ளேயே மனைவிக்கென்று ஒரு மெய்நிகர் கணினியை அமைத்திருந்தார் அவர். அதற்கு கிராபிக்ஸ் கார்டு கைமாறினால்தான் அவளுடைய அனிமேஷன் வேலை ஓடும். சர்வர் தன் பிடியை விட்டால்தான் கார்டு கைமாறும். காலையிலிருந்து சர்வர் விடவில்லை. அவருக்குக் கண் எரிந்தது.

மனைவி பையைத் தோளில் மாட்டினாள். "நான் அண்ணன் வீட்டு கம்ப்யூட்டர்ல முடிச்சுக்கறேன். சாயங்காலம் படத்தைக் கொடுக்கணும்."

"ஒரே பெட்டியில ரெண்டு கம்ப்யூட்டர்னு மச்சான்கிட்ட பீத்திக்கிட்டேனே. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார். இன்னும் ஒரே ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்றேம்மா."

செய்தார். அதே பதில்.

"திரை மூலையில என்னமோ ஓடுதே, அது என்னங்க?"

எவ்வளவு அலுப்பிலும் விளக்கம் கேட்டால் அவருக்குக் குரல் தெளிந்துவிடும். "அது காவல்காரன் மாதிரி. கார்டை யார் யார் பிடிச்சிருக்காங்கன்னு காட்டும். பாரு, ஒருத்தருமில்ல."

"அதை எப்பத் திறப்பீங்க?"

"ரீஸ்டார்ட் ஆனதும் முதல் வேலை அதுதான்."

"கார்டைத் தொடாம அதுக்கு எப்படித் தெரியும்?"

அவர் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரையும் காட்டும் அந்தக் காவல்காரன், தன்னை மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

மனைவி பையைக் கீழே வைத்தாள். அவர் அந்தப் புரோகிராமை மூடினார். சர்வர் கார்டை விட்டது; அவளுடைய திரையில் படம் வந்தது.