ஐந்தாம் எண் கோப்பை

ஐந்தாவது கோப்பை டீயை வத்சலா துப்பவில்லை.

முந்தைய நான்கையும் கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, பக்கத்துப் பாத்திரத்தில் துப்பியிருந்தாள். நடுவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும்.

இதை விழுங்கிவிட்டாள்.

முதலில் ஒரு கசப்பு. நாரத்தை இலை. வந்த வேகத்திலேயே அது விலகிக்கொண்டது. பின்னால் சுக்கின் இளங்காரம். கடைசியில், சர்க்கரையே போடாத நீரில் ஓர் இனிப்பு.

இன்னொரு கரண்டி எடுத்தாள்.

கோத்தகிரியில் மூலிகை டீ என்றால் வத்சலாவின் கடைதான். துளசி, ஆவாரம்பூ, செம்பருத்தி, எலுமிச்சம்புல் என்று பதினோரு வகை வைத்திருந்தாள். நாரத்தை மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. மூன்று வருடம் முயன்றாள். வெயிலில் காயவைத்தாள். நிழலில் காயவைத்தாள். வறுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கசப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த இலைக்கு டீ ஆகும் யோகம் இல்லை என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

யாரோ ஒருத்தி அதைச் செய்துவிட்டாள்.

மகளிர் குழுக்களுக்கான போட்டி அது. கோப்பைகளில் எண் மட்டும் இருந்தது. பெயர் இல்லை. வெல்கிறவளுக்குப் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு கடை கிடைக்கும்.

வத்சலாவின் கடைக்கு நேர் எதிரே.

மதிப்பெண் தாளில் ஐந்தாம் எண்ணுக்கு நேராகப் பேனாவை வைத்தாள்.

பத்துக்கு நான்கு.

பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினாள். கசப்பு நிற்கிறது.

எழுத்து எப்போதும்போல் நேராக விழுந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த நாற்காலியில் இருந்த போஜன், தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் சுவை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்பது போட்டிருந்தார். அவள் தாளை எட்டிப் பார்த்தார்.

"கசக்குதுங்களாம்மா? எனக்கு அப்படித் தெரியலையே."

"கொஞ்ச நேரம் போனா தெரியுங்க சார்."

"மூலிகைன்னா நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும்."

ஒன்பதை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார்.

வேண்டாம் சார் என்று வாய்வரை வந்தது. தண்ணீரை ஊற்றிக் கொப்புளித்துவிட்டு, ஆறாவது கோப்பையை எடுத்தாள்.

ரோஜா இதழ் போட்ட பன்னிரண்டாம் எண்ணுக்குப் பரிசு போனது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத டீ. குடித்த மறுநிமிடம் மறந்துபோகிற டீ.

எல்லாரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

மண்டபத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலுக்குப் போகும் வழியில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் போட்டிக்காரர்களுக்குக் கொடுத்த அட்டை தொங்கியது.

யோகேஸ்வரி. எண் ஐந்து.

"அக்கா, ஒரு நிமிஷம். உங்க எலுமிச்சம்புல் டீயக் குடிச்சுத்தான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு. நீங்க நடுவரா வர்றீங்கன்னு கேள்விப்பட்டதும் நிம்மதியாப் போச்சு. பரிசு கிடைக்கலன்னாலும் பரவால்ல. எங்க தப்புன்னு சரியாச் சொல்லுவீங்க."

வத்சலாவுக்குக் காது சுட்டது. போய்விடலாம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொன்னால் போதும்.

ஆனால் வேறொன்று வாயிலிருந்து வந்தது.

"நாரத்தைய எப்படிப் பக்குவம் பண்ணுன?"

யோகேஸ்வரி ஒளிக்கவில்லை. குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"பறிச்ச உடனே இட்லிப் பானையில வச்சு ஆவி காட்டிருவேன்க்கா. ரெண்டே நிமிஷம். மேல முத்து முத்தா வேர்க்கும். அதத் துணியில ஒத்தி எடுத்துட்டு, அப்புறந்தான் நிழல்ல காயப் போடுவேன். பாதிக் கசப்பு அந்த வேர்வையிலயே போயிரும்."

மூன்று வருடம். இரண்டு நிமிடம்.

"எங்க தப்புக்கா?"

பையிலிருந்து ஒரு பாக்கெட் நோட்டை எடுத்து, முன்கையில் வைத்துக்கொண்டு, பேனாவோடு நின்றாள்.

நல்லா இருந்துச்சும்மா என்று சொல்லலாம். சொன்னால் ஏன் நான்கு என்பதையும் சொல்ல வேண்டும்.

வத்சலா சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்தாள்.

"நாரத்தை ஒத்து வரலம்மா. கசப்பு நிக்குது. அத விட்டுட்டு வேற எதாவது பாரு."

யோகேஸ்வரி எழுதினாள். நாரத்தை வேண்டாம். எழுதியதற்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு போட்டாள்.

"நல்லவேளை கேட்டேன்க்கா. அடுத்த மாசம் இன்னும் பத்து மரத்து இலைக்குச் சொல்லி வைக்க இருந்தேன்."

வத்சலா தலையசைத்தாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் விரல்நுனிகள் கண்ணில் பட்டன. ஆவியில் வெந்து, தோல் உரிந்து, மறுபடி தோல் வளர்ந்த விரல்கள்.

"ஆவி காட்டிக் காயவச்ச இலை ஒரு மூட்டை வீட்டுல கெடக்கு. எனக்கு இனி எதுக்கு? நீங்க கைதேர்ந்தவங்க, எதுக்காச்சும் ஆகும். கொண்டாந்து தரட்டாக்கா?"



கடைசி நாற்காலியையும் மடக்கிவிட்டார்கள். யோகேஸ்வரி இன்னும் நின்றாள்.

"எப்ப வந்தா கடையில இருப்பீங்க?"



"செவ்வாக்கெழம வாம்மா" என்றாள் வத்சலா. "அன்னிக்குக் கடை லீவு. நான் மட்டுந்தான் இருப்பேன்."