நகராத மயில்

"எதிர்க்கடைக்காரன் சிரிச்சிக்கினு நிக்கிறான் பாரு" என்றான் சகாயராஜ்.

திண்டிவனத்தில் அவன் நடத்துவது பேனர் டிசைன் கடை. நேர் எதிரே ஆனந்தராஜின் கடை. அங்கேயும் அதே தொழில். போன தேர்தலில் ஒரு பேனர் ஆர்டரை யார் தட்டிப் பறித்தது என்று கிளம்பிய சண்டையிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது.

"நீங்க நம்ம வேலையைப் பாருங்க" என்றாள் மனைவி அன்புச்செல்வி.

வேலை நகரவில்லை. அதாவது, மயில் நகரவில்லை.

சாயங்காலம் விழுப்புரத்தில் கல்யாண வரவேற்பு. மேடைத் திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் மயில்மேல் பறந்து வந்து இறங்கவேண்டும். கடைக்கு வந்த முதல் 3டி வீடியோ ஆர்டர் அது. அதற்காகவே புதுசாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டியிருந்தான்.

ஆனால் கம்ப்யூட்டரில் இருந்த லினக்ஸ் சிஸ்டம் அந்தக் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. கார்டை ஓட்டும் சாஃப்ட்வேரான டிரைவரை ஏற்றினால் ஏறிவிட்டதாகச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போயிருக்கும். மயில் ஒரு இறக்கையைத் தூக்குவதற்குள் டீக்கடைக்குப் போய்த் திரும்பிவிடலாம். மாப்பிள்ளை காலையிலிருந்து அந்தரத்தில் இருந்தார்.

பெண்ணின் அண்ணன் இனியவன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். மதியம் வருவேன், வீடியோ ரெடி இல்லையென்றால் எதிர்க்கடையில் சாதாரணமாக ஒன்று செய்து வாங்கிக்கொள்வேன்.

ஆனந்தராஜ் தன் கடை வாசலில் நின்று போனில் ஏதோ தட்டுவான், இந்தப் பக்கம் பார்ப்பான், சிரிப்பான், மறுபடி தட்டுவான்.

"நம்ம பேஜாரை ஊருக்கே மெசேஜ் போட்டுக்கினு இருக்கான்."

அன்புச்செல்வி காதில் வாங்கவில்லை. டெலிகிராமில் ஒரு லினக்ஸ் குழுவில் உதவி கேட்டிருந்தாள். 'பனமலை' என்ற பெயரில் யாரோ ஒருவர் உடனே பதில் போட்டார். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலமாக ஒரு திரை வருகிறதா என்று கேட்டார்.

வருகிறதுதான். வைரஸ் என்று பயந்து ஒவ்வொரு தடவையும் சகாயராஜ் என்டரைத் தட்டி அதை விரட்டிக்கொண்டிருந்தான்.

வைரஸ் இல்லை, டிரைவரை உள்ளே விடலாமா என்று அனுமதி கேட்கும் திரை அது, நீங்களேதான் வாசலோடு துரத்தியிருக்கிறீர்கள் என்று எழுதினார் பனமலை. டிரைவரை ஏற்றும்போது வைத்த பாஸ்வேர்டை அதில் கொடுக்கச் சொன்னார்.

"மனுசன்னா இவரு. எதிர்லயும் ஒண்ணு இருக்குதே" என்றபடி சகாயராஜ் டிரைவரை மறுபடி ஏற்றி, நீலத் திரை வந்ததும் பாஸ்வேர்டைக் கொடுத்தான்.

கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. திரை முழுக்க இருண்டது. மாப்பிள்ளையும் இல்லை, மயிலும் இல்லை.

எதிரே ஆனந்தராஜ் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா சிரிப்புன்னு நேர்லயே கேட்டுட்டு வர்றேன்." கிளம்பியவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் அன்புச்செல்வி. பனமலையிடமிருந்து அடுத்த மெசேஜ் வந்திருந்தது. டிரைவர் வேலை செய்கிறது. மானிட்டர் கேபிள்தான் மேலே பழைய இடத்திலேயே இருக்கிறது. அதைப் பிடுங்கிக் கீழே புதுக் கார்டில் சொருகுங்கள்.

சூடு வெளியே போகட்டும் என்று கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகைத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். சகாயராஜ் வாசலில் முட்டி போட்டுக் கேபிளைப் பிடுங்கினான். கார்டில் வரிசையாக ஓட்டைகள். ஒன்றில் வைத்து அழுத்தினான். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினான்.

"ஐயோ, உடைச்சிடாதீங்க. எந்த ஓட்டைன்னு அவரையே கேக்கறேன்."

அன்புச்செல்வி அவசரமாக டைப் செய்தாள். அதை அனுப்புவதற்குள், போனும் கையுமாகத் தெருவில் இறங்கிவிட்ட ஆனந்தராஜ், பொறுக்கமாட்டாமல் கத்தினான்:

"அது இல்லைய்யா. அதுக்குக் கீழ இருக்குது பாரு, அது."