தெருவில் கொட்டிய கஷாயச் சக்கை

"இந்த அநியாயத்தைக் கேட்க ஆளே இல்லையா?"

லுவோ அக்கா போட்ட சத்தத்தில் எங்கள் சந்தே கூடிவிட்டது.

விஷயம் வேறொன்றுமில்லை, தெருவில் கிடந்த கஷாயச் சக்கைதான். மருந்து காய்ச்சினால் சக்கையைத் தெருவில் கொட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு பேர் மிதித்தால் நோய் போய்விடுமாம். அதைக் குனிந்து கிளறிப் பார்ப்பது லுவோ அக்காவின் வழக்கம்.

"நரைமுடி கறுக்கணும்னு நம்ம தெலின் தம்பி ஷோவ்வூ கிழங்கையும் கறுப்பு பீன்ஸையும் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்குது. இதுல கிழங்கு எங்க? வெறும் பீன்ஸ்! மலையிலேர்ந்து தம்பியோட சிநேகிதன் மூட்டையா அனுப்பினானே, அதை யாருக்குடி வித்த, ருய்லான்?"

தெலினின் மனைவி ருய்லான் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"விக்கலைக்கா. குப்பையில போட்டேன்."

"அடிப்பாவி! கட்டின புருஷனையே ஏமாத்துறியா?"

"ஆமா, ஏமாத்தினேன்! அவரு கண்ணு மஞ்சளாச்சே, மறந்துட்டீங்களா? கிழங்காலதான் கல்லீரல் வீங்கியிருக்கு, இனி தொடவே கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இந்த மனுஷன் கேட்டாரா? பூங்காவுல டான்ஸ் ஆட முடி கறுப்பா இருக்கணுமாம்! மாட்டேன்னா வெளியில வாங்கிக் குடிப்பாரு. அதான் சரி சரின்னு தலையாட்டிட்டு பீன்ஸை மட்டும் காய்ச்சிக் குடுத்தேன். எனக்கு அவரு வேணும்க்கா, முடி எந்தக் கலர்ல இருந்தா என்ன?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எங்களுக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது.

திரும்பிப் பார்த்தால், வெங்காயத்தாள் பையோடு தெலின் நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். தலைமுடி மட்டும் கருகருவென்று மின்னுகிறது.

லுவோ அக்கா சும்மா இருப்பாளா? "அப்ப இந்த முடி எப்படிக் கறுத்துச்சு? வெறும் பீன்ஸுக்கேவா? எனக்கும் ஒரு கிலோ வாங்கணுமே!"

"அதான்க்கா எனக்கும் புரியலை" என்று கண்ணைத் துடைத்தாள் ருய்லான்.

தெலின் அசடு வழிந்தார். பையை அவளிடம் நீட்டிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"தினமும் அடுப்புல வெந்து காய்ச்சித் தர்றியே... பலிக்கலைன்னா உன் மனசு நொந்துடுமேன்னு, நாந்தான் சலூன்ல சாயம் பூசிக்கிட்டு வர்றேன்."