பச்சைத் துணி சுற்றிய வாளி

ஒரு சாம்பார் வாளி இருந்தது. பிடி உடைந்ததும் பழைய வீட்டுக்காரர்கள் அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டார்கள். மாடத்திதான் அதை எடுத்துவந்து, கம்பியை வளைத்து மாட்டி, கையை அறுக்காமலிருக்கப் பச்சைச் சேலைக் கிழிசலைச் சுற்றிவிட்டாள். வயிற்றில் வெட்டியிருந்த கோமதி என்ற பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

தெருவில் ஒரு கல்யாணம். வீடு வீடாகப் பாத்திரம் இரவல் வாங்கினார்கள். பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்ததும், அவரவர் பெயரைப் பார்த்து எடுத்துப்போக வந்தார்கள்.

பக்கத்திலிருந்த புது வாளி சிரித்தது. "என் மேல செல்வின்னு வெட்டியிருக்கு. உன்னை எவ தேடி வருவா, அக்கா? உன் கோமதிதான் உன்னைத் தூக்கிப் போட்டுட்டாளே."

பழைய வாளி, மறுபடியும் காயலான் கடைதானா என்று ஒடுங்கிக் கிடந்தது.

மாடத்தி வந்தாள். எந்தப் பெயரையும் பார்க்கவில்லை. பச்சைத் துணி எட்டத்திலேயே கண்ணில் பட்டுவிட்டது. "இந்தா கிடக்கு நம்ம வீட்டுக் கழுதை" என்று கையில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அங்கே புது வாளியை மூன்று செல்விகள், என்னுது என்னுது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றது அது, "நான் எந்த வீடுன்னு நீயாவது சொல்லிட்டுப் போயேன்."