மூன்றாவது வரிசையில் ஒரு தொப்பி

"பெர்சி, தொலைஞ்சோம்டா! மூணாவது வரிசையில தொப்பிக்காரன் ஒருத்தன் நம்ம வசனப் பிரதியை மடியில விரிச்சு வச்சிருக்கான். வரிவரியா விரல் வச்சுப் பாக்குறான்!"

மேனேஜர் ஹாப்குட் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். 1913. ஊர் ஊராகப் போகும் அவர்களுடைய கதம்ப நாடகத்துக்கு இங்கிலாந்தின் பிராட்ஃபர்டில் அன்று மதியக் காட்சி.

கோமாளி பெர்சி திரையை விலக்கி எட்டிப் பார்த்தான். "லண்டன் தணிக்கை ஆளா சார்?"

"வேற எவன்? தணிக்கை ஆபீஸ்ல முத்திரை குத்தின வசனத்துக்கு மேல ஒரு வார்த்தை பேசினாலும் லைசென்ஸ் போயிடும். முப்பது பேரும் நடுத்தெருவுலதான் நிக்கணும்!"

"அந்த வசனத்தை நான் பேசினதே இல்லையே! ஆறு மாசமா எல்லாம் என் சொந்தச் சரக்குதானே!"

"இன்னைக்கு அதைப் பேசித் தொலை!"

பேசினான், ஒரு எழுத்து பிசகாமல். வழக்கம்போல மேயரைக் கிண்டலடிக்கவில்லை, மாமியார் ஜோக்கைத் தொடவில்லை. அரங்கில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கேலரியிலிருந்து ஆரஞ்சுத் தோல் பறந்து வந்தது. தொப்பிக்காரரின் விரல் மட்டும் நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தது.

திரை விழுந்ததும் அவர் நேரே மேடைக்குப் பின்னால் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"சத்தியமா ஒரு வார்த்தைகூட மாத்தலைங்க!" என்று பெர்சி முந்திக்கொண்டான்.

"தெரியும். இதை எழுதினவன் நான்தான். என் வசனத்தை விட்டுட்டு நீ உன் இஷ்டத்துக்குப் பேசுறதாக் கேள்விப்பட்டேன். கையும் களவுமாப் பிடிக்கத்தான் பிரதியோட வந்தேன்."

தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். நாளையிலிருந்து உன் சொந்தச் சரக்கையே பேசு."