ஏழாவது ஆள்

துப்பாக்கி அவள் நெற்றிக்கு நேரே வந்து நின்றது.

"தொண்ணூத்தேழு. காய்ச்சல் இல்ல, உள்ள போங்கம்மா" என்றார் சுகாதாரத் துறைக்காரர்.

துப்பாக்கி நெற்றியைத்தான் கேட்கும். மூக்கைக் கேட்காது.

காலையில் புளியோதரைக்குத் தாளிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மிளகாய் வத்தல் கருகி, கணவன் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடினான். அவள் சும்மா நின்றாள். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

ஒன்றுமே இல்லை.

வாசனை தெரியாமல் போனால் கொரோனா என்று டி.வி.யில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அவளுக்கும் காது இருக்கிறது. போன வாரம் கீழத்தெருப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை ஆம்புலன்ஸில் பையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். நேரே சுடுகாட்டுக்கு. அதையும் பார்த்தாள்.

போகக்கூடாது என்றுதான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள்.

ஆனால் இன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பதினொரு வருஷமாக இந்தத் தெருவின் எல்லா வளைகாப்புக்கும் சோறு கிளறியது அவள்தான். வளையல் போடும் நேரத்தில் மட்டும் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை முளைத்துவிடும். பிள்ளை பெறாதவள் கை படக்கூடாதாம்.

இந்த முறை பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று கதவில் தாள் ஒட்டிவிட்டார்கள். வெளியூர்ச் சொந்தம் வர வழியில்லை. வளையல் போட ஆறு பெண்கள்தான் தேறினார்கள். இரட்டைப்படை ஆகாது. தெருவெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளிடம் வந்தார்கள்.

அரசாங்கம் புண்ணியம் கட்டிக்கொண்டது.

தப்பென்றால் வாசலிலேயே மறித்திருப்பார்களே என்று சொல்லிக்கொண்டாள். தொண்ணூற்றேழு என்று அவளா சொன்னாள்?

கூடத்தில் மாரிச்செல்வி நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் மாசம். கன்னத்தில் சந்தனம் பூசவேண்டும் என்று முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

வளையல் போட அவள் முறை வந்தது.

மாரிச்செல்வியின் மாமியார் வெள்ளத்தாய் பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள். "ஏட்டி, எண்ணிக்கைக்குத்தான் ஒன்னயக் கூப்பிட்டது. போட்டதும் நவுந்துரு. வயித்த மட்டும் தொட்டுராத."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வாசனை தெரியவில்லை என்று ஒரே ஒரு வார்த்தை. எல்லாரும் அலறியடித்து ஓடியிருப்பார்கள், இந்தப் பெண் பிழைத்துக்கொள்ளும். வார்த்தை உதடு வரைக்கும் வந்தது.

சொல்லமாட்டேன் என்று நினைத்தாள். நினைத்தபோது இனித்தது. அதை மறைப்பானேன்.

இருந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் குனிந்தாள். முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டாள். கையை எட்ட நீட்டி வளையல்களைப் போட்டாள். பச்சை இரண்டு, சிவப்பு இரண்டு.

முடிந்தது. நகரவேண்டியதுதான்.

"எம்மா, பாத்தியா! எங்க அக்கா போட்டுவிட்டாக" என்று மாரிச்செல்வி கையைக் குலுக்கிக் காட்டினாள்.

குத்துவிளக்கில் சாய்த்து வைத்திருந்த போனில், வீடியோவில், அந்தப் பெண்ணைப் பெற்றவள் இருந்தாள். ராஜபாளையத்துக்காரி. ஊர் தாண்டி வர மூன்று தடவை இ-பாஸ் கேட்டாள், மூன்று தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது.

"ஏ தாயி" என்று போன் அவளைக் கூப்பிட்டது. "என்னயத்தான் வரவிடமாட்டேன்னுட்டாங்க. எனக்குப் பதிலா நீ எம்புள்ளயக் கட்டிப்புடிச்சு ஒரு முத்தம் குடு தாயி."

வெள்ளத்தாய் வாயைத் திறந்தாள். சம்பந்தி பார்த்துக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டாள்.

மாரிச்செல்வி அதற்குள் இரண்டு கையையும் விரித்துவிட்டாள். முகத்தைத் தூக்கிக் கொடுத்தாள். பதினொரு வருஷத்தில் அவளை நோக்கி யாரும் அப்படி முகத்தைத் தூக்கியதில்லை.

வேண்டாம் கண்ணு, தள்ளி இரு.

மனசுக்குள்தான் சொன்னாள்.

முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். கட்டிக்கொண்டாள். வயிறு வயிற்றோடு ஒட்டியது. உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது, அவளுக்கே உதைத்த மாதிரி. அந்தப் பெண்ணின் மூச்சும் அவள் மூச்சும் ஒன்றாகப் போய் வந்தன. போதும் என்று தோன்றியபோதும் அவள் விடவில்லை.

ஒரு கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பிறகு, கேட்காமலே, இன்னொரு கன்னத்திலும்.

போனுக்குள் அந்தத் தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டு கையையும் குவித்து அவளைக் கும்பிட்டாள்.

அவளும் பதிலுக்குக் கும்பிட்டாள்.